பத்தாம் மாதம் தை

வேங்கிக்கால் பக்கத்தில், கடை வைத்திருக்கும் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. தையல் கடை, மாவு மில், பூக்கடை வைத்திருப்பவர்கள் வந்து படிக்கிறார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண் எனக்குத் தூரத்து உறவு. அவர்களுடைய ஆண்டு மலரில் போட, நான் வேலை பார்த்ததைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதறதுக்கு இன்னா இருக்குது? பெருக்கினேன், தொடைச்சேன், பெல் அடிச்சேன்" என்றேன்.

"அந்தக் காலத்துலயே கடைக்காரங்களுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அதை எழுதுங்க சித்தி. எங்க வகுப்புல பாதிப் பேரு, இது நமக்கு எதுக்குன்னு கேக்கறாங்க" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் யாரும் இருப்பதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆயாவாகச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். தவிட்டுத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பார். அதனால் நான் வேலைக்கு வந்தேன். வேலை பழக ஒரு வருடம் ஆனது. அதில் சொல்ல அதிகமில்லை.

காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறக்க வேண்டும். முதல் வேலை, சுவரில் இருக்கும் நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பது. பிறகு தண்ணீர் தெளித்து, தூசி எழாமல் பெருக்க வேண்டும். பன்னிரண்டு மெஷின்களின் உறையை எடுத்து மடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் எழுத்துக் கம்பிகளைச் சின்ன பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். 'e', 'a', 'o' மூன்றிலும்தான் மை அடைத்துக்கொள்ளும். அவற்றை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். கம்பியில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். நான் இங்கிலீஷ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். தாளில் அவற்றை நேராகப் பார்த்தபோது முதலில் தப்பாகத் தெரிந்தது. மணிக்கு ஒரு முறை பெல் அடித்து, ஒரு பேட்ச்சை எழுப்பி அடுத்த பேட்ச்சை உட்காரவைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. ஏகாம்பரம் சார். ஒல்லியாக இருப்பார், வெள்ளை அரைக்கைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். படிக்கிறவர் எத்தனை தடுமாறினாலும் அவருடைய மெஷினில் தன் விரலை வைக்க மாட்டார். "நான் அடிச்சா எனக்குத்தான் வரும், உங்களுக்கு எப்படி வரும்?" என்பார். தப்பு வந்தால் தப்பென்று சொல்ல மாட்டார். தாளைக் காட்டி, "இது இன்னா சொல்லுது? நீங்க இன்னா சொன்னீங்க?" என்று இரண்டு கேள்வி கேட்பார். அதற்குள் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

நான் அதிகம் பேசாதவள் என்று எல்லாரும் சொல்வார்கள். சுபாவம் பாதி. மீதிக்கு ஒரு காரணம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், இன்ஸ்டிட்யூட்டைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பன்னிரண்டு மெஷின் இருக்க வேண்டும் என்று விதி. எங்களுடையதில் ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. சார் எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வந்து அந்த இடத்தில் வைத்திருந்தார். அதிகாரி எண்ணி முடித்து எழுதப் போகும்போது, அந்த மெஷினைப் பார்த்து, "இது புதுசா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்: "இல்லீங்க ஐயா, இது இரவல். சாயந்திரம் திருப்பிக் குடுக்கணும்."

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதிக்கொண்டு போனார். அதைச் சரிசெய்ய சார் இரண்டு முறை, மாவட்ட ஆபீஸ் இருந்த வேலூருக்கு அலைந்தார். என்னைத் திட்டவில்லை. மூன்றாம் நாள் உறை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "அஞ்சலை, இனிமே உன் பேரைச் சொல்லிக் கேட்டா மட்டும் பதில் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் நான் அப்படியே இருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தெற்குப் பக்கத்து அறையில் ஜன்னலை அடைத்து, தரையில் பாய் மாதிரி ரப்பர் விரித்து, அதை வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பூஜை போட்ட அன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு போனபோது, "கண்ணாடியில வேணாம், ஓட்டை இருக்கற பக்கமும் வேணாம்" என்றார் சார். கடைசியில் மேஜையின் காலுக்குப் பொட்டு வைத்தோம்.

காலையும் மாலையும் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை மெஷின் சும்மா இருந்தது. அந்த நேரத்தில்தான் ஊரில் கடைகளும் சும்மா இருக்கும். கடைக்காரர்களுக்கு ஒரு பேட்ச் வைக்கலாம் என்று சார் நினைத்தார். தானே தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒரு இரும்புக்கடைக்காரர் இருந்தார். அவர் ஒரு விரலை வைத்தால் மூன்று எழுத்து விழும்.

"இதுல ஜாதகம் பாப்பாங்களாமே சார், எனக்கு அது வருமா?" என்று முதல் நாளே கேட்டார்.

"உங்க கடையில எந்த சைஸ் ஆணி தீந்துபோச்சின்னு சொல்லும். அதுக்கப்புறம் ஜாதகம் பாக்கலாம்" என்றார் சார்.

அந்தப் பேட்ச்சுக்கு சார் புத்தகம் வைக்கவில்லை. அவரவர் கடை நோட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் இருப்பதை அவரவரே அடித்து ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அது வரிசையாக அச்சாகி வரும். அதைக் கடைக்குக் கொண்டுபோகலாம். "பரீட்சைக்குப் படிக்கிறவன் மறந்துடுவான். தன் கடை நோட்டைப் படிக்கிறவன் மறக்க மாட்டான்" என்பார்.

ஆறு பேரில் ஒரே பெண் வசந்தா. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். எட்டாவது படித்தவள். அவள் வீட்டுக்காரர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, பந்திப்பாய், ஜமக்காளம் என்று கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் கொடுப்பார்கள். அவர் ஆடி மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். எந்தக் கல்யாணத்துக்கு எது போக வேண்டும் என்பதை அவர் தலையிலேயே வைத்திருந்தவர். நோட்டில் அரைகுறையாக எழுதி வைத்திருந்தார். கணவரின் அண்ணன், அதாவது மூத்தார், கடையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வசந்தா கொடுக்க மறுத்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்னார்கள். தை மாதம் முடியும்வரை அவள் நடத்தட்டும். வருடத்திலேயே அதிகக் கல்யாணம் வருவது அதில்தான். ஒரு கல்யாணத்துக்கு ஒரு கரண்டி போகாமல் நின்றாலும், மறுநாள் கடை மூத்தாருக்கு.

"பொம்பளைக்கு அண்டா வீட்டுல இருந்தா போதும், கடையில எதுக்குன்னு கேட்டாரு ஆயாம்மா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். படிக்கட்டில் செருப்பை விடும்போது சொன்னாள். 

வசந்தாவுக்கு விரல் வேகமில்லை. ஆனால் அடித்ததை மூன்று முறை படிப்பாள். பெயர், ஊர், தேதி, பெரிய பாத்திர செட்டா சின்னதா என்று ஒவ்வொரு கல்யாணத்தையும் ஏற்றினாள். தேதிக்கு வந்தபோது சார் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது அச்சான தாள்களின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"மாசத்தைப் பேரால போடாதீங்கம்மா. இதுக்குப் பேரு தெரியாது. மாசத்தை நம்பராப் போடுங்க. முதல் மாசம்னா ஒண்ணு, கடைசி மாசம்னா பன்னெண்டு."

"சரிங்க சார்" என்றாள் வசந்தா.

ஒருநாள் மெஷின் அவள் அடித்த ஒரு தேதியை ஏற்க மறுத்துக் கூவியது. முப்பது, இரண்டு என்று அடித்திருந்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி கூவியது. சார் அன்று ஊரில் இல்லை. இரும்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மெஷினுக்கு சூடு ஏறிடுச்சி. ஃபேனைப் பெரிசா வை" என்றார். வசந்தா அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அன்றைக்கு அதோடு போயிற்று.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் முழுக்கக் கூட்டம், ஒரு வாரம் இன்ஸ்டிட்யூட் மூடியிருந்தது. மார்கழியில் தைக் கல்யாணங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகமானார்கள். ஒவ்வொருவர் வந்து கேட்கும்போதும் வசந்தா கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அச்சுத் தாளைப் பார்ப்பாள். அந்தத் தேதி இல்லையென்றால் ஒத்துக்கொள்வாள். மதியம் வந்து ஏற்றுவாள்.

போகிக்கு மூன்று நாள் முன்பு, புது வரிசை அச்சாகி வந்தது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தாள் அது. ஓரத்தைக் கிழித்து, மடித்து, அவரவர் பெயர் எழுதி வைப்பது என் வேலை. வசந்தாவின் தாளைக் கிழிக்கும்போது கடைசி வரிகள் கண்ணில் பட்டன. தேதி வரிசையில் ஜனவரி முதலில் இருந்தது. கடைசியில் பத்தாம் மாதத்தில் நான்கு கல்யாணங்கள். ஐந்து, பத்து. பதினொன்று, பத்து. இப்படி.

பத்தாம் மாதம் அக்டோபர். தினமும் நாட்காட்டித் தாள் கிழிக்கிறவள் நான். அதில் இங்கிலீஷ் தேதி பெரிதாகவும் தமிழ்த் தேதி சின்னதாகவும் இருக்கும். அக்டோபர் பதினொன்று புரட்டாசியில் வரும். புரட்டாசியில் எந்த ஊரில் கல்யாணம் வைக்கிறார்கள்?

வேறு மாதிரி பார்த்தேன். சித்திரை ஒன்று, வைகாசி இரண்டு என்று விரல் விட்டால் பத்தாவது தை. அப்போது புரிந்தது. கிராமத்து ஜனங்கள் தமிழ்த் தேதி சொல்வார்கள். டவுன்காரர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், இங்கிலீஷ் தேதி சொல்வார்கள். தமிழ்த் தேதி சொன்னவர்களுக்கு வசந்தா சித்திரையிலிருந்து எண்ணி மாதம் போட்டிருக்கிறாள். இங்கிலீஷ் தேதி சொன்னவர்களுக்கு ஜனவரியிலிருந்து போட்டிருக்கிறாள். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாட்காட்டியைப் புரட்டினேன். தை பதினொன்று என்பது ஜனவரி இருபத்து நான்கு. வரிசையில் மேலே பார்த்தேன். இருபத்து நான்கு, ஒன்று என்று ஒரு கல்யாணம் இருந்தது. டவுனில் ஒரு வாத்தியார் வீடு. கீழே பதினொன்று, பத்து என்று இருப்பது கீழ்பென்னாத்தூர். இரண்டும் ஒரே நாள். இரண்டுக்கும் எதிரில் 'பெரிய செட்' என்று இருந்தது. வசந்தாவிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய செட்.

நான் தாளை மடித்தேன். மேலே பெயர் எழுதினேன். வசந்தா வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

சொல்லவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் பேரைச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் பெருக்குகிறவள், அது சார் சொல்லிக்கொடுத்த பாடம், தப்பு என்னுடையதாக இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் வாய் வரவில்லை. பிறகு போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று இன்ஸ்டிட்யூட் மூடிவிட்டது. அந்த நான்கு நாளும் வீட்டில் பானையைப் பார்த்தால் அண்டா நினைவுக்கு வந்தது. திறந்தபோது ஜனவரி பதினேழு. பாக்கி ஏழு நாள். என் கூச்சத்தால் ஒரு வாரம் போயிருந்தது.

அன்று மதியம் வசந்தா வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் போனேன்.

"யம்மா, உங்க வாடிக்கையில புரட்டாசியில யாராச்சும் கல்யாணம் வெக்கிறாங்களா?"

"புரட்டாசியிலயா? யாரு வெப்பாங்க? இன்னா ஆயாம்மா, வெய்யில்ல வந்தியா?"

"தாள்ல போட்டிருக்குது."

"எங்க?" என்று வாங்கிப் பார்த்தாள். "இதுவா? இது புரட்டாசி இல்ல, தை. பத்தாம் மாசம் தைதானே? சித்திரை, வைகாசி, ஆனி..." என்று விரல் மடித்துக்கொண்டே வந்தவள், மார்கழியில் நின்றாள். விரல் அப்படியே இருந்தது. தாளின் மேல் பாதியைப் பார்த்தாள். ஜனவரி வரிகளைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டாவது முறை சொல்லத் தேவைப்படவில்லை.

சார் வந்து பின்னால் நின்றார். கைகள் முதுகில் இருந்தன.

"இது இன்னா சொல்லுது?"

"பதினொண்ணு, பத்து."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தை பதினொண்ணு."

வேறு நாளாக இருந்தால் அவர் பேசாமல் நகர்ந்துவிடுவார். அன்று அங்கேயே நின்றார். பிறகு, "முதல் மாசம்னா ஒண்ணுன்னு நான்தானே சொன்னேன். எந்த முதல் மாசம்னு சொல்லலியே" என்றார். முப்பது, இரண்டு என்று மெஷின் ஏற்க மறுத்த கதையையும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். "வைகாசி முப்பதா அது? பிப்ரவரியில ஏது முப்பது? அது அன்னிக்கே கத்திச் சொல்லியிருக்குது, நமக்குத்தான் புரியல."

இரும்புக்கடைக்காரர் எழுந்து வந்தார். "இதுக்குத்தான் நோட்டே தேவலாம்ங்கறது. நோட்டுல எழுதியிருந்தா இந்தக் கூத்து வருமா?"

"நோட்டுலயும் இப்படித்தாண்ணா இருக்குது" என்றாள் வசந்தா. நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கத்தில் தை பதினொன்று, நான்கு பக்கம் தள்ளி ஜனவரி இருபத்து நான்கு. "நோட்டுல இருந்தா கல்யாணத்தன்னிக்கு ரெண்டு வண்டி வந்து நின்னப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். இதுல ஒரே தாள்ல இருந்ததாலதான் ஆயாம்மா கண்ணுல பட்டுச்சி."

அவள் அழவில்லை. "மூத்தாருக்குத் தெரிஞ்சா கடை போச்சி" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு நான் நாட்காட்டியை ஆணியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். தமிழ்த் தேதி ஒவ்வொன்றையும் நான் படிக்க, அவள் இங்கிலீஷ் தேதியாக மாற்றினாள். பதினாறு கல்யாணம் மாறியது. மற்றவை எதுவும் மோதவில்லை. இருபத்து நான்காம் தேதி மட்டும் இரண்டு முறை வந்து நின்றது.

சார் அடுத்துச் சொன்னதுதான் காரியத்தைத் திருப்பியது.

"செட்டு செட்டுன்னு போட்டிருக்கீங்களே, அது இன்னா செட்டு? சாமான் சாமானா போடுங்க. வாத்தியார் வீட்டுக்கு இன்னின்னா வேணும், கீழ்பென்னாத்தூருக்கு இன்னின்னா வேணும்."

பெரிய செட் என்று எடுத்தால் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்து போவது வழக்கம். யாரும் பிரித்துக் கேட்டதில்லை. வாத்தியார் வீடு நாலு தெரு தள்ளித்தான். வசந்தா உடனே போய், சமையல்காரரிடம் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் அச்சாரம் கொடுத்தபோதே சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அது நோட்டுக்குள் இருந்தது. இரண்டையும் அடித்து ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. சார் ஒரு எழுத்தையும் தொடவில்லை. நான் பெல் அடிக்க மறந்துவிட்டேன், அவரும் கேட்கவில்லை.

கடையில் இருப்பது ஒரு பக்கம், இரண்டு கல்யாணமும் சேர்த்து வேண்டியது ஒரு பக்கம் என்று தாள் வந்தது. கொப்பரை போதும். குண்டான் போதும். கரண்டி, தாம்பாளம், பாய், எல்லாம் போதும். பெரிய அண்டா மட்டும் மூன்று இருந்தது, நான்கு வேண்டும்.

"ஒரு அண்டா" என்றாள் வசந்தா.

ஒரு அண்டாவுக்கு இன்னொரு பாத்திரக் கடையில் கேட்கலாம். ஊரில் இருந்தவை இரண்டு. ஒன்று மூத்தாரின் சிநேகிதருடையது. இன்னொன்றில் அந்த முகூர்த்தத்துக்கு ஒரு கரண்டிகூட இல்லை. கீழ்பென்னாத்தூர்க்காரரிடமே போய் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

மறுநாள் மதியம் வசந்தா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. துணைக்கு என்று நினைத்தேன். கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும், ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றுவிட்டாள்.

"நீ போய்ப் பேசிட்டு வா ஆயாம்மா."

"நானா?"

"பந்தக்கால் நட்ட வீடு. நான் உள்ள போனா நல்லாருக்காது. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மனசுல வெச்சிப்பாங்க. நீ புருஷனோட இருக்கறவ."

அவளோடு வாதாட எனக்கு வரவில்லை. தாளை வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா நடுவில் இருந்தார். பெரிய மீசை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். 

"யாரும்மா? இன்னா வேணும்?"

"பாத்திரக் கடையிலேந்து வரேன்."

"பாத்திரம் தை பத்தாந்தேதி சாயந்திரம்தானே வரணும்? இப்பவே எங்க வெக்கிறது, எந்தலையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எனக்குப் படிக்க வராது, வாயால சொல்லு" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னேன். தை பதினொன்றை அக்டோபர் என்று போட்டுவிட்டோம், அதே நாளுக்கு இன்னொரு கல்யாணத்தையும் ஒத்துக்கொண்டுவிட்டோம், சாமான் எல்லாம் வந்துவிடும், ஒரு பெரிய அண்டா மட்டும் குறையும். இதைச் சொல்லி முடிக்கும்போது என் புடவை முந்தானை கையில் கயிறு மாதிரி முறுகியிருந்தது.

"அண்டாவா கொறையுது?" என்றார். "ஏம்மா, ஆறு நாளு முன்ன வந்தவரைக்கும் நல்லதாப் போச்சி. எங்க ஊர்ல அண்டாவுக்குப் பஞ்சமா? நெல்லு வேக வெக்கிற அண்டா வீட்டுக்கு ஒண்ணு இருக்குது. கல்யாணத்தன்னிக்கு சமையக்காரன் அடுப்பைப் பத்தவெச்சிட்டு அண்டா எங்கன்னு கேட்டிருந்தான்னா, அப்ப இருக்குது உங்களுக்கு."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "நெல்லு அண்டாவுல கல்யாணச் சோறா? சம்பந்தி வீட்டுல கேக்க மாட்டாங்க?"

"நான் வந்து புளி போட்டுத் தேய்ச்சிக் குடுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அது என்னிடமிருந்து எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது.

"கடைக்காரம்மா வரலியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பஸ்ஸு நிக்கிற எடத்தாண்ட நிக்கிறாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கூப்பிடச் சொல்லவும் இல்லை. உள்ளே போய், வறுத்த வேர்க்கடலையை ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "அவங்க கிட்டக் குடு" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நானும் வசந்தாவும் அதைத்தான் தின்றோம்.

இருபத்து மூன்றாம் தேதி காலை நான் லீவு போட்டுக் கீழ்பென்னாத்தூர் போனேன். அந்த அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். உள்ளே நெல் வேகவைத்த கறை கழுத்துவரை இருந்தது. இரண்டு முறை தேய்த்தபோது பித்தளை தெரிந்தது. மறுநாள் இரண்டு கல்யாணமும் நடந்தன. டவுன் கல்யாணத்துக்கு அண்டா குறைந்த கதையே தெரியாது. தை முடியும்வரை மொத்தம் பதினெட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் போனது. எதுவும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு சார் அந்த மெஷினில் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வைத்தார். தமிழ்த் தேதியும் இங்கிலீஷ் தேதியும் இரண்டும் ஏற்ற வேண்டும். வாடிக்கைக்காரர் எதைச் சொன்னாலும், நாட்காட்டியைக் காட்டி மற்றதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பெயரையும் கேட்டுத்தான் போட வேண்டும், தெரிந்தவராக இருந்தாலும். இப்போது வேங்கிக்காலில் படிக்கிற பெண்கள், "இது நமக்கு எதுக்கு" என்று கேட்கிறார்களாம். மெஷின் நமக்காக யோசிக்காது. நாம் என்ன சொன்னோம் என்பதை நம் கண்ணுக்கு முன்னால் ஒரே இடத்தில் வைக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வசந்தா அதற்கு மேல் ஒன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாசி பிறந்த அன்று மதியம் மூத்தார் மாடி ஏறி வந்தார். பெரியவர்கள் சொன்ன கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. நான் அவரை முன்பு பார்த்ததில்லை. வசந்தா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்ததைப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்தது.

"செருப்பை வெளியே விடுங்க" என்றேன். விட்டார்.

உள்ளே வந்து மெஷினைப் பார்த்தார், மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்த வசந்தாவின் தாளைப் பார்த்தார்.

"நெல்லு அண்டாவுல கல்யாணம் நடத்தினீங்களாமே" என்றார்.

"ஆமாம் மாமா" என்றாள் வசந்தா.

 மெஷினில் அடித்துக்கொண்டிருந்த இரும்புக்கடைக்காரர்கூட விரலை எடுத்துவிட்டு எழுந்தார்.

"சின்னவளுக்குக் காது குத்தறோம். பங்குனி ஏழு. சின்ன செட்டு இருக்குமா?" என்றார் மூத்தார்.

வசந்தா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். "இங்கிலீஷ் தேதி இன்னா மாமா?"

"அது எனக்கு எதுக்கு?"

நான் நாட்காட்டியை அவர் முன்னால் பிடித்தேன். புரட்டிப் பார்த்தார். "மார்ச்சு இருபது" என்றார்.

வசந்தா அடித்தாள். திரையைப் பார்த்தாள். "இருக்குது மாமா."

"சரி, எழுதிக்க" என்று திரும்பினார்.

"பேரு சொல்லுங்க."

நின்றார். "இன்னாது?"

"யார் பேர்ல போடறதுன்னு சொல்லணும்."

"எம்பேரு உனக்குத் தெரியாதா?"

மூத்தார் பெயரைத் தம்பி மனைவி வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் வசந்தா அதைச் சொன்னதே கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

"தெரியும் மாமா. கேட்டுத்தான் போடணும்" என்றாள். அவரைப் பார்க்கவில்லை, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் சாரைப் பார்த்தார். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் சாமான் எடுக்க வந்தவர் மாதிரி, இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னார். வசந்தா ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.